பயனாளரின் சராசரி உயரம்

அன்று காலை அவள் என்னிடம் டேப் கேட்டாள்.

“பழசக் குடுங்க. புதுசு வேணாம், அது உங்க பொழப்பு.”

பழைய டேப்பின் நுனி முக்கால் அங்குலம் பிய்ந்து போயிருந்தது. அதில் எதை அளந்தாலும் முக்கால் அங்குலம் கழித்துக்கொள்ள வேண்டும். எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த கணக்கு அது.

“ஏழு அடி அளக்கணும்னியே, இது அஞ்சடிதானே இருக்கு?”

“அஞ்சடியில ஒரு கோடு போட்டு, அதுலேர்ந்து ரெண்டடி. இதுகூடத் தெரியாமலா டெய்லருக்கு வாக்கப்பட்டேன்?”

“ஏழு அடியில என்னத்த மாட்டப் போற?”

“போர்டு. ‘இந்த அறை குழந்தைகளுக்கானது’ன்னு எழுதி அனுப்பியிருக்காங்க.”

“அத ஏழு அடியிலயா?”

“ஏழு அடியிலதான்.”

இருவரும் சிரித்தோம். நான் போட்டுக்கொள்வதைப் போலவே டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்து, “கேஸ மூடிட்டேனா?” என்றாள். “மூடிட்ட, போ” என்றேன். போனாள்.

அவள் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. இருபத்திரண்டு வருடம் அதே பள்ளி, அதே அறை. உயரம் நாலடி பத்து அங்குலம். மற்ற ஆசிரியர்கள் முதுகுக்குப் பின்னால் ‘குட்டை டீச்சர்’ என்பார்கள். பிள்ளைகள் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. “என் கிளாஸ்ல நான் ஒருத்திதான் உசரம், போதும்” என்பாள்.

அந்தப் பள்ளிக்குச் சீருடை தைப்பவன் நான். பள்ளி திறந்த முதல் வாரம் ஒன்றாம் வகுப்புக்குப் போய் ஒவ்வொரு பிள்ளையாக நிறுத்தி அளவெடுப்பேன். கல்யாணமான புதிதில் அவள் ஒன்று கேட்டாள். “தலையிலேர்ந்து கால் வரைக்கும் ஒரு அளவு, கண்ணுலேர்ந்து கால் வரைக்கும் ஒரு அளவு, ரெண்டையும் சேத்து எழுதிடுங்க.” எதற்கு என்றேன். “உங்களுக்குச் சட்டை, எனக்கு ரூம்” என்றாள்.

அன்றிலிருந்து என் அளவு நோட்டில் அந்த இரண்டு வரிசையும் உண்டு. வருடத்துக்கு ஒன்றாக இருபத்திரண்டு நோட்டு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் சராசரி உயரம் மூன்றடி ஏழு அங்குலம். எத்தனை முறை பார்த்தாலும் அதுதான்.

ஒரு விடுமுறை நாளில் என்னை அந்த அறைக்குக் கூட்டிப்போய், “முட்டி போடுங்க” என்றாள்.

“இங்கயா? யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க?”

“வீட்டுல போடாத முட்டியா? போடுங்க.”

போட்டேன். முட்டி போட்டுப் பார்த்தால் அது வேறு அறை. மேசைகளின் அடியில் யார் யாரோ ஒட்டிவிட்டுப் போன சூயிங்கம் தெரிந்தது. ஜன்னலில் வெறும் வானம். மரமும் இல்லை, மனிதரும் இல்லை. கரும்பலகையில் வெளிச்சம் பட்டு எழுத்து மறைந்தது. பை மாட்டும் கொக்கி தலைக்கு மேலே எங்கேயோ இருந்தது. மேசை முனைகள் ஒவ்வொன்றும் சொல்லி வைத்தாற்போல் என் நெற்றிக்கு நேராக நின்றன.

“இப்பச் சொல்லுங்க, இது யாரோட ரூம்?” என்றாள்.

அந்த விடுமுறை முழுவதும் வேலை செய்தோம். கரும்பலகையை இறக்கினோம். கொக்கிகளைப் பிள்ளைகளின் தோள் உயரத்தில் அடித்தோம். புத்தகங்களின் அட்டைப்படம் தெரியும்படி ஜன்னலுக்குக் கீழே ஒரு பலகைத் தட்டு வைத்தோம். அதில் ஏறி நின்றால் வெளியே மரமும் தெரியும். மேசை முனைகளுக்கெல்லாம் பஞ்சு வைத்து நான் உறை தைத்தேன். அறையின் கடைசி மூலையில் ஒரு சின்ன மெத்தை. அதற்குப் பெயர் அழுகை மூலை. அழத் தோன்றுகிற பிள்ளை அங்கே போய் அழுதுவிட்டு வரலாம். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. முதல் மாதம் அந்த மெத்தைக்கு வரிசை நிற்கும். மூன்றாவது மாதம் காலியாகிவிடும்.

“அப்புறம் டீச்சரம்மாதான் அதுல உக்காந்திருப்பாங்க அண்ணே, ஹெட்மாஸ்டரப் பாத்துட்டு வர்ற அன்னைக்கெல்லாம்” என்று பள்ளி ஆயா சொல்வாள்.

இப்படி அவர்கள் பாட்டுக்கு இருந்தபோதுதான் ‘உகந்த வகுப்பறைச் சூழல் திட்டம்’ வந்தது.

சுற்றறிக்கை அறுபத்திரண்டு பக்கம். முதல் பக்கத்தில் ‘குழந்தையே நம் மையம்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்குப் பிறகு அறுபத்தோரு பக்கத்தில் குழந்தை என்ற சொல் எங்கும் இல்லை. பயனாளர் என்று இருந்தது. ‘அறையில் உள்ள பார்வைப் பொருள்கள் அனைத்தும் பயனாளரின் சராசரி உயரத்தைக் கணக்கிட்டு அமைக்கப்பட வேண்டும்’ என்றது ஒன்பதாவது பக்கம். அதைப் படித்துவிட்டு அவள் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

“பாத்தீங்களா? இருபத்திரண்டு வருஷம் கழிச்சு யாரோ முட்டி போட்டுப் பாத்திருக்காங்க.”

மறுநாள் என் அளவு நோட்டுகளை எல்லாம் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு தலைமை ஆசிரியரிடம் போனாள். அவர் நல்ல மனிதர்தான். எந்த அதிகாரி எதைச் சொன்னாலும் “ஆமா சார்” என்று சொல்லியே தலைமை ஆசிரியர் ஆனவர் என்பதால் ‘ஆமாஞ்சார்’ என்று பெயர்.

அவர் நோட்டுகளைத் தொடவில்லை. படிவத்தை எடுத்துக் காட்டினார்.

“டீச்சர், பயனாளர்னா யாருன்னு கீழ விளக்கம் குடுத்திருக்காங்க பாருங்க. ‘அறையின் பதிவேட்டில் தம் கையால் ஒப்பமிட்டவர்.’”

“பிள்ளைங்க பேரு வருகைப் பதிவேட்டுல இருக்கே சார்.”

“அதுல டிக் போட்டது நீங்க. பிள்ளைங்க போடலையே?”

“அப்ப நான் பயனாளரா?”

“நீங்க பணியாளர்.”

“அப்ப யாரு சார் பயனாளர்?”

அறைக்கு வந்துபோகும் அதிகாரிகள் கையெழுத்துப் போடுகிற பார்வையாளர் பதிவேடு ஒன்று இருந்தது. தலைமை ஆசிரியர் அதை விரித்தார். அந்த வருடத்தில் ஏழு கையெழுத்து. ஆறு பேர் அதிகாரிகள். ஏழாவது, வேறு ஏதோ விலாசம் தேடி வந்த ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். ஏழு பேருக்கும் கடிதம் எழுதி உயரம் கேட்டு வாங்கினார்கள். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்தான் முதலில் பதில் போட்டார். கூடவே தன் நிறுவனத்தின் விளம்பரத் தாளையும் வைத்திருந்தார். ஒன்றாம் வகுப்பு அறையின் பயனாளரின் சராசரி உயரம் ஐந்தடி எட்டு அங்குலம் என்று முடிவாகி, முத்திரை குத்தி வந்தது.

பிறகு சூழல் அலுவலர் வந்தார். ஆறடிக்கு மேல் இருப்பார். ஆயா அவருக்கு வந்த அன்றே ஒட்டடைக்கம்பு என்று பெயர் வைத்தாள். அன்று நான் மேசை உறைகளைத் துவைத்து மாட்டப் போயிருந்தேன். அதனால் நடந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

அவர் அறையின் நடுவில் நின்று நான்கு பக்கமும் பார்த்தார்.

“என்னம்மா, ஒண்ணுமே இல்லையே இங்க?”

“எல்லாம் இருக்கு சார்” என்றாள். “கொஞ்சம் முட்டி போட்டுப் பாத்தீங்கன்னா தெரியும்.”

அலுவலர் கோபப்படவில்லை. சிறுபிள்ளைக்குச் சொல்வதைப் போலப் பொறுமையாகச் சொன்னார்.

“அம்மா, துறை முட்டி போடாது. துறை நின்னு பாக்கும். நின்னு பாத்தா என்ன தெரியுதோ அதுதான் சூழல். நான் இருபது வருஷமா ஆய்வு பண்றேன். ஒரு ஸ்கூல்லகூட நான் குனிஞ்சதில்ல. குனிய விட்டதில்ல.”

“ஆமா சார்” என்றார் தலைமை ஆசிரியர்.

அலுவலர் பலகைத் தட்டைக் காலால் தட்டினார். “இது என்ன? புத்தகமெல்லாம் கீழ கிடக்கு. பிள்ளைங்க எடுத்துட மாட்டாங்களா?”

“எடுக்கத்தான் சார் வெச்சிருக்கு.”

“எடுத்தா கிழியும். கிழிஞ்சா நூலகச் சூழலுக்கு மார்க் போயிடும். கண்ணாடி பீரோ வரும். பூட்டிடுங்க. கண்ணாடி வழியாப் பிள்ளைங்க பாத்துக்கட்டும். பாக்குறதும் ஒரு வாசிப்புதாம்மா.”

அடுத்து மேசைகளைப் பார்த்தார். “இது எதுக்கு? மேசைக்குத் தலகாணியா?”

“பிள்ளைங்க ஓடும்போது நெத்தியில இடிக்கும் சார். வருஷத்துக்கு நாலஞ்சு பேருக்குத் தையல் போட வேண்டியிருந்தது. இப்ப ஆறு வருஷமா ஒண்ணுகூட இல்ல.”

“அங்கீகரிக்கப்பட்ட பொருள் பட்டியல்ல இருக்கா?”

“இல்ல சார்.”

“எடுத்துடுங்க. ஓடாம இருக்கச் சொல்லிக் குடுங்க. அதுதான் கல்வி.”

கடைசியாக மெத்தையைக் காட்டினார். அதில் அப்போது ஒரு பிள்ளை உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது.

“அங்க என்ன?”

“அழுகை மூலை சார்.”

“அழுகையா?” கையிலிருந்த பட்டியலைப் புரட்டினார். “வாசிப்பு மூலை இருக்கு, விளையாட்டு மூலை இருக்கு, மகிழ்ச்சி மூலை இருக்கு. அழுகைக்குப் பட்டியல்ல இடமில்லையேம்மா. இத மகிழ்ச்சி மூலைன்னு மாத்திடுங்க. ஒரு சூரியன் சிரிக்கிற மாதிரி படம் வரும், அத ஆறடியில மாட்டுங்க. இந்தப் பிள்ளையக் கூட்டிட்டு வெளியே போங்க. மகிழ்ச்சி மூலையில உக்காந்து அழுதா பாக்குறவங்க என்ன நினைப்பாங்க?”

ஆயா அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். போகும்போது என் காதருகே, “அண்ணே, நானும் வெளியதான் போய் அழணுமா, கேட்டுச் சொல்லுங்க” என்றாள்.

நான் மேசை உறைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். அவிழ்த்தது என் கைதான். இதை எழுதாமல் விட முடியவில்லை.

அதன் பிறகு வந்தவை எல்லாம் வரிசையாக வந்தன. கரும்பலகை மேலே ஏறியது. அதன் கீழ்விளிம்பே பிள்ளைகளின் தலைக்கு மேல் இருந்தது. மனதை அமைதிப்படுத்தும் நிறம் என்று சுவருக்கு ஒரு வெளிர் நிறம் பூசினார்கள். மூன்றாவது நாளே மூன்றடி உயரத்தில் கைரேகைகள் தெரிந்தன. சுவருக்கு மார்க் போய்விடும் என்று சுவரிலிருந்து ஒரு கை தூரம் தள்ளித் தரையில் சுற்றிலும் சிவப்புக் கோடு போட்டார்கள். பிள்ளைகள் அதைத் தாண்டக் கூடாது. பிறகு கண்ணாடி பீரோவுக்கு ஒரு கோடு. மகிழ்ச்சி மூலை அழுக்காகக் கூடாது என்று அதற்கு ஒரு கோடு. இருபத்தெட்டுப் பிள்ளைகளும் அறையின் நடுவில், நெரிசல் பேருந்தில் நிற்பதைப் போல ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

அப்போதும் தரையில் நாற்காலி இழுத்த தடம் விழுந்தது. தலைமை ஆசிரியர் இரண்டு நாள் யோசித்து, மதிப்பீட்டு நாள் நெருங்குவதால் வகுப்பை வராந்தாவில் நடத்தச் சொன்னார்.

“பிள்ளைங்க உள்ள இருந்தா சூழல் கெட்டுப் போகுது டீச்சர். ஒரு மாசம்தான். மார்க் வந்ததும் உள்ள விட்டுடலாம்.”

அறைக்கு நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு கிடைத்தது. ‘குழந்தை நேய வகுப்பறை’ என்று சான்றிதழ் வந்தது. சான்றிதழ் வந்த பிறகு அறையைப் பார்க்க மற்ற பள்ளிகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். முத்திரை குத்திய சராசரி மாறிவிடும் என்று பார்வையாளர் பதிவேட்டை மட்டும் யாரிடமும் நீட்டவில்லை. ஆட்கள் வந்துகொண்டே இருந்ததால் பிள்ளைகள் வராந்தாவிலேயே இருந்தார்கள். வெயில் நகர நகர அவர்களும் நகர்ந்தார்கள். அவளும் நகர்ந்தாள்.

பரிசாக அலுவலகத்திலிருந்து ஒரு சுழல் நாற்காலியும் வந்தது. கீழே சக்கரம், மேலே தலைசாய்க்க இடம். பார்வையிட வரும் அதிகாரிகளுக்கு மட்டும் என்று பின்னால் எழுதியிருந்தது. அந்த அறையில் பெரியவர்கள் உட்காரக்கூடிய ஒரே நாற்காலி அதுதான்.

“சக்கரம் எதுக்குன்னு தெரியலங்க” என்றாள் அவள். “அறைக்குள்ளயே பயணப்படி வாங்கப் போறாங்களோ என்னவோ.”

இனி அந்த நாள்.

மறுநாள் தலைமையகத்திலிருந்து பெரிய அதிகாரி வருவதாகத் தகவல். ‘இந்த அறை குழந்தைகளுக்கானது’ என்ற பலகையை, ஐந்தடி எட்டு அங்குலப் பயனாளர்கள் கூட்டமாக நின்றாலும் தலை மறைக்காதபடி, ஏழு அடியில் மாட்டியாக வேண்டும். அவள் ஏணி கேட்டாள். ஏணி பட்டியலில் இல்லை என்றார் தலைமை ஆசிரியர். பிள்ளைகளின் நாற்காலியில் ஏறிப் பார்த்தாள், எட்டவில்லை. சுழல் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். அது நகராமல் ஆயா பிடித்துக்கொண்டாள். என் டேப் அவள் கழுத்தில் இருந்தது.

அந்த நேரம் தலைமை ஆசிரியர் வாசலில் வந்து நின்று, “ஆயா, வராந்தாவுல ஒரு பிள்ள வாந்தி எடுத்துடுச்சு, சூழல் கெடுது பாரு, ஓடி வா” என்றார்.

“நான் பிடிச்சிட்டிருக்கேன் சார்.”

“ஒரு நிமிஷம். ஓடி வா.”

ஆயா போனாள். நாற்காலி நகர்ந்தது. மேசை முனை.

எனக்கு ஆள் வந்து சொன்னபோது ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே எனக்கு வேலை எதுவும் இல்லை.

அன்று மாலையே பலகையை மாட்டிவிட்டார்கள். எதிர்த் தெருவில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவரிடம் ஏணி வாங்கி வர ஐந்து நிமிடம் ஆனது என்று ஆயா சொன்னாள்.

இரங்கல் கூட்டத்தை அந்த அறையிலேயே வைத்தார்கள். பிள்ளைகள் வழக்கம்போல் வராந்தாவில். சூழல் அலுவலர் பேசினார். நான் முன் வரிசையில் இருந்தேன்.

“உயரத்தை எட்ட வேண்டும் என்பதே அம்மையாரின் கனவாக இருந்தது. கடைசி மூச்சு வரை அவர் உயரத்தை நோக்கியே முயன்றார். ஆரம்பத்தில் எல்லாவற்றையும் தாழ்வாகவே பார்த்துப் பழகியவர். நம் திட்டம் அவரை நிமிர வைத்தது. ஒரு விஷயம் உங்களுக்குத் தெரிய வேண்டும். அவர் விழுந்தபோதுகூடச் சுவரில் ஒரு கீறல் இல்லை. நான் நேரில் வந்து பார்த்தேன். முதலில் சுவரைத்தான் பார்த்தேன். அந்தப் பொறுப்புணர்ச்சி யாருக்கு வரும்?”

எல்லோரும் எழுந்து இரண்டு நிமிடம் நின்றார்கள். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மூன்று மாதம் கழித்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. ‘மறைந்த ஆசிரியை, அதிகாரிகளுக்கென ஒதுக்கப்பட்ட இருக்கையை முன் அனுமதியின்றிப் பயன்படுத்தியதும், அவரது கவனக்குறைவுமே சம்பவத்துக்குக் காரணம் என முதல்நிலை அறிக்கை கருதுகிறது. இது அவரது பணிப் பதிவேட்டில் பதியப்படும். மறுப்பு இருப்பின் விசாரணைக் குழுவின் முன் தெரிவிக்கலாம்.’

கவனக்குறைவு. மேசைக்கு எத்தனை முனை என்று எண்ணி எண்ணி என்னைத் தைக்க வைத்தவள். இறந்தவளை அவர்கள் எனக்குத் திருப்பித் தர முடியாது என்பது தெரியும். அந்த ஒரு சொல்லை எடுத்தால் போதும். வேறெதுவும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இருபத்திரண்டு நோட்டுகளையும் அதே துணிப்பையில் போட்டுக்கொண்டு விசாரணைக்குப் போனேன்.

விசாரணை அந்த அறையில்தான். மூன்று பேர். நடுவில் இருந்தவர் அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பேசும்போது லேசாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டார். ஒரு பக்கத்தில் சூழல் அலுவலர். மறுபக்கம் எழுத்தர்.

“சொல்லுப்பா டெய்லர். இந்த நாற்காலியில ஏற உன் சம்சாரத்துக்கு யாரு அனுமதி குடுத்தது?”

“ஏழு அடியில மாட்டச் சொன்னது யாருங்க சார்?”

“அது விதி. விதிய யாரும் சொல்ல மாட்டாங்க, அது இருக்கும். அனுமதி யாரு குடுத்தது?”

நான் நோட்டுகளை மேசைமேல் அடுக்கினேன். “சார், இது இந்த ரூம்ல படிச்ச அத்தனை பிள்ளைங்களோட அளவு. இருபத்திரண்டு வருஷம். மூன்றடி ஏழு அங்குலம். இதுக்குத் தக்கபடி மாட்டியிருந்தா அவ தரையில நின்னே மாட்டியிருப்பா. ஏறவே வேண்டாம்.”

நடுவில் இருந்தவர் ஒரு நோட்டை இரண்டு விரலால் திறந்தார். “இதுல பயனாளர் கையெழுத்து இல்லையே.”

“பிள்ளைங்கதானே சார் பயனாளர்?”

சூழல் அலுவலர் சிரித்தார். “என்னப்பா நீ! பயனாளர்னா பதிவேட்டுல கையெழுத்துப் போட்டவங்க. பிள்ளைங்க இந்த ரூமுக்கு வருவாங்க, இருப்பாங்க, போவாங்க. அவ்வளவுதான்.”

“சார், ஒண்ணு கேக்கலாமா? பேர எழுதினா அது கையெழுத்துதானே?”

“ஆமா.”

“யாரு எழுதினாலும்?”

“யாரு எழுதினாலும். விதிக்கு முன்னாடி எல்லாரும் சமம்” என்றார் நடுவில் இருந்தவர். சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

அவளிடம் படித்த இருபத்தெட்டுப் பேரும் அப்போது இரண்டாம் வகுப்பில், பக்கத்து அறையில் இருந்தார்கள். நான் ஆயாவைப் பார்த்தேன். சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் பார்வையாளர் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள்.

“வாங்கடா எல்லாரும். குட்டை டீச்சர் சொல்லிக் குடுத்த மாதிரி அவங்கவங்க பேர எழுதுங்க பாப்போம். டேய், முட்டாதீங்கடா, எல்லாருக்கும் இடமிருக்கு!”

பதிவேட்டைத் தரையில் விரித்து, சுற்றிலும் முட்டி போட்டு எழுதினார்கள். சிலருடைய பெயர் கோட்டைவிட்டு ஏறிப் போனது. ஒருவன் பெயரை எழுதிவிட்டுப் பக்கத்தில் நாய்க்குட்டி வரைந்தான். ஒருத்தி தன் பெயருக்குப் பதிலாக ‘டீச்சர்’ என்று எழுதினாள்.

குழு திரும்பி வந்ததும் பதிவேட்டை அவர்கள் முன்னால் வைத்தேன். நடுவில் இருந்தவர் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றி நின்றார். சூழல் அலுவலரின் முகம் சிவந்துவிட்டது. எழுத்தர் மட்டும்தான் பதற்றப்படவில்லை. பக்கத்தைப் புரட்டி எண்ணினார்.

“முப்பத்தஞ்சு கையெழுத்து சார். இதுல ஒருத்தர் பதவிய மட்டும் எழுதியிருக்காங்க. அதுவும் செல்லும்.”

விதி விதிதான். மறுபடியும் உயரம் எடுத்தாக வேண்டும். என் பழைய டேப் சாட்சியப் பொருளாக ஒரு உறையில் இருந்தது. அதைப் பிரித்து எடுத்தே பிள்ளைகளை அளந்தார்கள். முக்கால் அங்குலம் கழிக்க வேண்டும் என்றேன். அதைக் குறித்துக்கொண்டார்கள். ஏழு பேரையும் இருபத்தெட்டுப் பேரையும் கூட்டி வகுத்தபோது சராசரி நாலடிக்கு வந்தது.

அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன். அவர்களுடைய கத்தரியாலேயே அவர்களுடைய துணியை வெட்டிவிட்டதாக நினைத்தேன். அளவெடுக்கத் தெரிந்தவனுக்கு வரக்கூடிய கர்வம் அது.

இறுதி அறிக்கை நாற்பது நாளில் வந்தது.

‘பயனாளரின் திருத்தப்பட்ட சராசரி உயரம் நாலடி என்பது ஏற்கப்படுகிறது. எனவே மேற்படி பலகை நாலடி உயரத்தில் மாட்டப்பட்டிருக்க வேண்டும். பயனாளரின் உயரத்தைச் சரிவர அறியாமல் அதை ஏழு அடியில் மாட்ட முயன்றது மறைந்த ஆசிரியையின் கவனக்குறைவு ஆகும். அதற்கென அதிகாரிகளின் இருக்கையை அனுமதியின்றிப் பயன்படுத்தியது இரண்டாவது கவனக்குறைவு. முக்கால் அங்குலம் பிழையுள்ள அளவு நாடாவைப் பயன்படுத்தியது மூன்றாவது.’

ஒன்றை எடுக்கப் போனவன் இரண்டைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அடுத்த வாரம் ஒரு சுற்றறிக்கை வந்ததாக ஆயா சொன்னாள். இனி எல்லா வகுப்பறைகளிலும் பதிவேட்டைச் சுவரோடு பொருத்திய ஒரு தாங்கியில் வைக்க வேண்டும். தாங்கியின் உயரம் ஐந்தடி.

“பலகைய நாலடிக்கு இறக்கிட்டாங்களா?” என்று கேட்டேன்.

“அதுக்குத் தனி உத்தரவு வரணுமாம் அண்ணே. இறக்குறதுக்கு ஏணி வேணுமே. ஏணி பட்டியல்ல இல்லையாம்.”

உறையில் போட்டு டேப்பைத் திருப்பி அனுப்பினார்கள். மேலே ‘குறைபாடுள்ளது’ என்று எழுதியிருந்தது.

இந்த வருடமும் பள்ளி திறந்தது. முதல் வாரம் அளவெடுக்கப் போனேன். புது டீச்சர் ஒரு பெண், நல்ல உயரம். பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாக நின்றார்கள். அந்தப் பழைய டேப்பைத்தான் கொண்டுபோயிருந்தேன். தோள், மார்பு, இடுப்பு, பிறகு தலையிலிருந்து கால் வரை, கண்ணிலிருந்து கால் வரை. யாரும் கேட்கவில்லை, கை தானாகப் போனது. வீட்டுக்கு வந்து இருபத்து நான்காவது நோட்டில், அவள் போன பிறகு போட்ட இரண்டாவது நோட்டில், எழுதி உயரங்களைக் கூட்டி வகுத்துப் பார்த்தேன்.

முக்கால் அங்குலம் கழித்தால், மூன்றடி ஏழு.